மீனுக்குப் பட்டாணி உரித்தவர்

வெந்த பட்டாணி ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து லேசாக அழுத்துவார். தோல் விரலோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் பருப்பு நழுவிக் கிண்ணத்தில் விழும். அதை நகத்தால் இரண்டாக்கி, இரண்டை நாலாக்குவார். ஐந்து தங்கமீன்களுக்கு ஐந்து பட்டாணி. தப்பித்தவறி ஆறாவது ஒன்று வெந்துவிட்டால் அதை என் மேசைக்குக் கொண்டுவந்து, "இது உங்களுக்கு மேடம்" என்று ஒரு காகிதத் துண்டின் மேல் வைத்துவிட்டுப் போவார்.

நான் அப்போது அல்சூரில், ஏரிக்குப் பின்தெருவில் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முன்மேசை வேலையில் இருந்தேன். பெயர் எழுதுவது, டோக்கன் கொடுப்பது, "உட்காருங்க, கூப்பிடுவோம்" என்று சொல்வது. அவர் ஹவுஸ்கீப்பிங். ஒரு ஏஜென்சி மூலம் வந்த பெண். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி கண்டோன்மென்ட்டில் இறங்கி, பஸ் கிடைத்தால் பஸ், கிடைக்காவிட்டால் நடை என்று எட்டரைக்கு உள்ளே நுழைவார். என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து, முப்பத்தாறு. ஆனாலும் கடைசிவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டார்.

காத்திருக்கும் அறையில் நான்கடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று டாக்டர் வாங்கி வைத்தது. ஐந்து தங்கமீன், ஏழெட்டுக் கறுப்பு மோலி, அடியில் கல்லோடு கல்லாக ஒட்டிக்கிடக்கும் ஒரு சக்கர் மீன். அவர் வருவதற்கு முன்னால் அவற்றுக்கு யார் வேண்டுமானாலும் தீனி போடலாம். டப்பா தொட்டியின் மேலேயே இருக்கும், நிறைய சிவப்பு உருண்டைகளோடு. நான் போடுவேன், செக்யூரிட்டி போடுவார், அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்த அதன் அப்பா ஒரு கை அள்ளிப் போடுவார். பிஸ்கட்டும் விழும். வாரக்கடைசியில் தண்ணீர் மோர் மாதிரி கலங்கியிருக்கும். மாதம் ஒருமுறை தொட்டி கழுவ ஒருவர் வருவார். வரும்போதே பாலிதீன் பையில் இரண்டு புது மீன் கொண்டுவருவார். செத்ததை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவதுதான் மீன் வளர்ப்பு என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அவர் வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே ஒரு தங்கமீன் சாய்ந்துகொண்டது. வயிறு உப்பி, ஒருக்களித்தபடி தண்ணீரின் மேலே மிதந்தது. வால் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. தொட்டி கழுவுகிறவர் பார்த்துவிட்டு, "இது தேறாது. டாய்லெட்ல போட்டு ஃப்ளஷ் பண்ணிடுங்க" என்றார்.

மாப்போடு நின்றிருந்தவர் கேட்டார்: "உசுரு கீதே அண்ணா?"

"இருக்கு. நாளைக்கு இருக்காது."

"நாளைக்கு இல்லன்னா நாளைக்கு எடுத்துக்கலாம். இன்னைக்கே இன்னாத்துக்கு?"

அன்று சாயங்காலமே தீனி டப்பாவை எடுத்து, டீ போடும் பேன்ட்ரியின் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மூன்று நாளைக்கு யாரும் ஒன்றும் போடக்கூடாது என்று என்னிடம் வந்து சொன்னார்.

"பட்டினி போட்டா செத்துடாதா?" என்று கேட்டேன்.

"துன்னு துன்னுதான் மேடம் இப்படி ஆயிருக்குது. அதுக்கு வெளிக்கே போவல. நான் பாத்துகினுதான் கீறேன்."

சிவாஜிநகர் வண்ணமீன் கடையில் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தார். நாலாம் நாள் பட்டாணி. மீன் முதலில் வாயில் வாங்கித் துப்பியது, பிறகு மறுபடி வாங்கி விழுங்கியது. அன்று பதினொரு மணிக்கு, அறை நிறைய ஆட்கள் இருக்கும்போது, அவர் குரல் கேட்டது: "மேடம்! வெளிக்குப் போயிட்சு மேடம்!" எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலையில் பூ வைத்திருந்த ஒரு கன்னடக்கார அம்மாள், "யாருக்கு?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கவலையோடு விசாரித்தாள். மீனின் பின்னால் பச்சை நூல் போல ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் அது நேராக நீந்தியது.

அதற்குப் பிறகு தொட்டி அவர் பொறுப்புக்கு வந்துவிட்டது. யாரும் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டார். பேன்ட்ரிக் கதவின் உட்பக்கம் ஒரு காகிதம் ஒட்டினார். உருண்டை உருண்டையான தமிழ் எழுத்து. திங்கள் உருண்டைத் தீனி, செவ்வாய் பட்டாணி, புதன் அவித்த பசலைக்கீரை, வியாழன் புழு என்று போய், ஞாயிறுக்கு எதிரே "பட்டினி" என்று எழுதிக் கீழே கோடு இழுத்திருந்தது. ஞாயிறு அவருக்கு வார விடுமுறை. "வயித்துக்கும் ஒரு நாளு லீவு வேணும் மேடம். அதுவுமில்லாம, நான் பாக்காத நாளு அதுங்க துன்ன வேணாம்" என்றார்.

பார்ப்பதுதான் அவர் வேலை. போடுவது அரை நிமிடம், பார்ப்பது பத்து நிமிடம். ஒரு சிட்டிகை போடுவார், கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எது முந்திக்கொண்டு வருகிறது, எது வாயில் போட்டுத் துப்புகிறது, எது மூலையிலேயே நிற்கிறது. இரண்டு நிமிடத்தில் மீதி இருந்தால் டீ வடிகட்டியால் வழித்து எடுத்துவிடுவார். ஒருநாள் நான், "இதுல பாக்க என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"போடறது எல்லாரும் போடுவாங்க மேடம். துன்னுதான்னு யாரு பாக்கறாங்க?"

அந்தச் சக்கர் மீனைப் பற்றி அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது பாசியைத் தின்று தானே பிழைத்துக்கொள்ளும் என்று தொட்டி கழுவுகிறவர் சொல்லியிருந்தார். அது இளைத்துக்கொண்டே வருவதை இவர் கண்டுபிடித்தார். வெளிச்சத்தில் அது வெளியே வராது. மற்ற மீன்கள் துள்ளும்போது கல்லுக்கு அடியில் பதுங்கிவிடும். சாயங்காலம் கிளம்பும் முன் தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, வெள்ளரித் துண்டு ஒன்றை ஸ்பூனோடு சேர்த்துக் கட்டி அடியில் இறக்குவார். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கேயே நிற்பார். அது வந்து வாயைப் பதித்தால்தான் கிளம்புவார். அதற்காக ஒன்றிரண்டு முறை ரயிலை விட்டிருக்கிறார்.

இந்தப் பார்வை மீனோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவு இருந்திருக்காது. எங்கள் நிலையத்துக்குக் காலையில் வருகிறவர்கள் எல்லோரும் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள். ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வருவார்கள். திரும்பி வருகிறவர்களிடம் இவர் மாப்பை ஊன்றி நின்று, "இன்னா சாப்ட்டீங்க?" என்று கேட்பார். டீயும் பன்னும் என்று பதில் வந்தால் முகம் சுருங்கும். சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிலர், "உனக்கெதுக்கும்மா?" என்பார்கள். ரத்தம் எடுக்கும் டெக்னீஷியன் பெண் மேனேஜரிடம் இரண்டு தடவை புகார் சொன்னாள்.

எனக்கும் அது பிடிக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் நான் டப்பாவைத் திறக்கும்போது, போகிற போக்கில், "நேத்தும் லெமன் சாதம், இன்னிக்கும் லெமன் சாதம்" என்றார்.

"என் டப்பாவ நீங்க ஏன் பாக்கறீங்க?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

"பாக்கல மேடம்" என்றார். "தெரிஞ்சுது."

கொசுப்புழு விஷயம் அந்த மழைக்காலத்தில் நடந்தது. கடையில் வாங்கும் புழுவைவிடக் கொசுப்புழுதான் மீனுக்கு உசத்தி என்று சிவாஜிநகரில் யாரோ சொல்லிவிட்டார்கள். இவர் எங்கள் மொட்டைமாடியில் ஒரு பழைய பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்து, மேலே நைலான் வலையை இறுகக் கட்டி, கொசுப்புழு வளர்க்க ஆரம்பித்திருக்கிறார். மூன்று வாரம் யாருக்கும் தெரியாது. மீன்கள் பளபளவென்று இருந்தன. நிறம் ஏறியிருப்பதை நோயாளிகளே சொன்னார்கள். நாலாம் வாரம் வீடு வீடாகக் கொசு உற்பத்தியைச் சோதிக்கும் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு பேர் வந்து மாடிக்கு ஏறினார்கள்.

மேனேஜரின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கன்னடமும் தமிழுமாகக் கலந்து பேசுகிறவர். "ஏனம்மா இது! நாம டெங்கு டெஸ்ட் பண்றோமா, டெங்கு வளக்கறோமா?" என்று கத்தினார்.

"வல கட்டிகீறேன் சார். ஒண்ணுகூட பறக்கல. பறக்கறதுக்கு முன்ன மீனு துன்னுடும் சார்."

மேனேஜர் பக்கெட்டைத் தானே கவிழ்த்தார். வெயிலில் காய்ந்த சிமென்ட் தரையில் தண்ணீர் பரவி, கறுப்புப் புள்ளிகளாக அவை துள்ளி அடங்கின. எல்லோரும் கீழே போன பிறகும் அவர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. "மீனுக்காக இவ்வளவு செய்யணுமா? உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டேன். சிறுவயதில் பசியோடு கிடந்த கதை ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"எங்க வூட்ல சாப்பாட்டுக்குக் கொறையில்ல மேடம்" என்றார். பக்கெட்டை நிமிர்த்தி வைத்தார். "எங்கப்பா மைன்ஸ்ல இருந்தாரு. மூடுனதுக்கு அப்பால நெஞ்சுல தூசி சேந்து, இருமலு, படுக்கையில வுழுந்துட்டாரு. எங்கம்மா மூணு வேளையும் தட்டுல போட்டு அவராண்ட வெச்சுட்டு வருவாங்க. நான் போய்த் தட்ட எடுத்தாருவேன். காலியா இருக்கும். கழுவி வெப்பேன். ஆளு எளைச்சுகினே போனாரு. டாக்டரு வந்து, சாப்புடறாரான்னு கேட்டாரு. நல்லா சாப்புடறாருன்னு நாந்தான் சொன்னேன்."

வலையைச் சுருட்டிப் பக்கெட்டுக்குள் போட்டார்.

"அவரு போனப்பறம் பத்து நாளைக்கு ஒரு நாய் அவரு ரூம் ஜன்னலாண்ட வந்து வந்து நின்னுச்சு மேடம். கொழுகொழுன்னு இருந்துச்சு."

பக்கெட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார். மறுநாள் வழக்கம்போல, "செவ்வாக்கெழம, பட்டாணி" என்று சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தார். நான் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

இனி நான் சொல்லவேண்டியது, எனக்குச் சொல்லக் கஷ்டமானது.

ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின புதன்கிழமை எனக்கு மூன்று மாதக் கரு கலைந்திருந்தது. நிலையத்தில் யாருக்கும் நான் கர்ப்பமாக இருந்ததே தெரியாது. காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டுத் திங்கள் காலை வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்த வரிசையில் சொல்கிறேன்.

கூட்டம் அதிகம். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் மேசைமேல் குனிந்து, "அம்மா, காலைல சர்க்கரைக்கு ஊசி போட்டுகிட்டேன். இன்னும் ஒண்ணும் சாப்பிடல. நேரமாகுமா?" என்று கேட்டார். மகன் வண்டி நிறுத்தப் போயிருந்தார். அப்படி ஒருவர் சொன்னால், சர்க்கரை இறங்கி மயங்கும் முன் உடனே உள்ளே அனுப்பவேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. வார்த்தைகள் என் காதில் விழுந்தன. உள்ளே போகவில்லை. "உட்காருங்க சார், கூப்பிடுவோம்" என்றது என் வாய்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். பெரியவர் தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். தரை துடைத்துக்கொண்டே போனவர் சட்டென்று நின்றார். மூலையில் நிற்கும் மீனைப் பார்ப்பது போலவே தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தார். ஏசி அறையில் பெரியவரின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஐயா, இன்னா பண்ணுது?"

அவர் ஏதோ சொன்னார். நாக்கு குழறியது. இவர் ஓடிப்போய் ரத்தம் எடுக்கும் அறைக் கதவைத் தட்டினார். உள்ளே ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. "ஒரு நிமிஷம்!" என்று டெக்னீஷியன் குரல் கொடுத்தாள். கதவு திறக்கவில்லை. இவர் பேன்ட்ரிக்கு ஓடி, டம்ளரில் சர்க்கரையைக் கொட்டிக் கரைத்துக்கொண்டு வந்து, பெரியவரின் தாடையைப் பிடித்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தார். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, அடுத்ததைக் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து மகன் உள்ளே வந்தார். "யாரு குடுக்கச் சொன்னது? ஃபாஸ்டிங்ல இருக்காரு!" என்று கத்தினார். கண் ஆபரேஷனுக்கு அன்றே ரிப்போர்ட் வேண்டுமாம். டெக்னீஷியன் வெளியே வந்து, சாம்பிள் இனி உதவாது என்றாள். பெரியவருக்குள் சர்க்கரை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, கூச்சத்தோடு, "எனக்கு ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். அவர் தவித்த தவிப்புக்கு ஒரு அடையாளமும் மிச்சமில்லை. இவர் காப்பாற்றியதனாலேயே, காப்பாற்றவேண்டியிருந்தது என்பதை யாரும் நம்பவில்லை.

"ஊசி போட்டுகிட்டேன்னு சொன்னேனே" என்று பெரியவர் மெல்லச் சொன்னார். மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"உங்ககிட்ட சொன்னாரா?"

"இல்ல சார். என்கிட்ட ஒண்ணும் சொல்லல."

கதவோரம் காலி டம்ளரோடு நின்றிருந்தவர் என்னைப் பார்த்தார். பிறகு டம்ளரைக் கழுவப் போனார்.

நோயாளிக்கு ஹவுஸ்கீப்பிங் ஆள் எதையும் கொடுக்கக்கூடாது என்பது விதி. கொசு பக்கெட் விவகாரமும் சேர்ந்துகொண்டது. வேறு ஆளை அனுப்பச் சொல்லி மேனேஜர் ஏஜென்சிக்குப் பேசினார். அவர்கள் இவரை ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலைக்கு மாற்றினார்கள். அந்த ஷிஃப்டுக்குத் தங்கவயலிலிருந்து ரயிலில் வந்துபோக முடியாது. ஊரில் படிக்கும் மகளைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு ஹெப்பகோடியிலேயே அறை பார்க்கவேண்டும்.

கடைசி நாள் என்னைத் தொட்டிக்கு முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, ஒவ்வொன்றையும் காட்டினார். எந்தத் தங்கமீன் பேராசைக்காரி, எந்த மோலிக்குக் கீரை பிடிக்காது. "மொதல்ல வர்றத பாக்காதீங்க மேடம். கடைசியா வர்றது எதுன்னு பாருங்க. அதுக்குக் கெடச்சுதுன்னா எல்லாத்துக்கும் கெடச்சுதுன்னு அர்த்தம்." நான் தலையாட்டினேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பட்டாணி உரிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ஒரு மோலி செத்தது. மற்றவை இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடமிருந்து வாட்ஸப்பில் குரல் வரும்: "மேடம், இன்னிக்கி ஞாயிறு. ஒண்ணும் போட்டுறாதீங்க." நான் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்புவேன். கூப்பிட்டுப் பேசும் தைரியம் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து அந்தப் பெரியவர் மகனோடு மறுபடி வந்தார். கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், அன்றைக்கு அந்தச் சர்க்கரைத் தண்ணீர் கிடைக்காமல் இருந்தால் மயங்கி விழுந்திருப்பீர்கள், உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றாராம்.

"அந்தம்மாவப் பாத்து ஒரு வார்த்த சொல்லணும். எங்க இருக்காங்க?"

"வேற எடத்துக்கு மாத்திட்டாங்க சார்."

அவர் முகம் மாறியது. "என்னாலயா?"

"இல்ல சார், என்னால. ஊசி போட்டுகிட்டேன்னு நீங்க என்கிட்டதான் சொன்னீங்க. நான் கவனிக்கல. அப்பறம் இல்லன்னு பொய் சொல்லிட்டேன்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். பெரியவரோ மகன் பக்கம் திரும்பி, மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா? சொன்னேன்னு சொன்னேன் இல்ல?" என்றார். மூன்று மாதமாக மகன் அப்பாவுக்கு ஞாபகம் தப்புகிறது என்று நினைத்து, அதற்கும் ஒரு டாக்டரைப் பார்க்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் சொன்ன ஒரு பொய் எங்கெல்லாம் போயிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்றே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, நியாயம்தான். மாற்றப்பட்டவர் விரும்பினால் அல்சூருக்கே திரும்பி வரலாம் என்று ஏஜென்சியிடம் பேசிவிட்டார்கள். அந்தச் சேதியை நானே நேரில் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

ஹெப்பகோடியில் தொழிற்சாலை வாசலில் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் விட்டது. நீலச் சட்டைக் கூட்டத்துக்கு நடுவே ஹவுஸ்கீப்பிங்காரர்களின் பச்சைக் கோட்டு ஒன்று. என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார். "மீனுக்கு ஏதாவது ஆச்சா மேடம்?" என்றார். இல்லை என்றதும்தான் சிரித்தார்.

எதிரே இருந்த மெஸ்ஸில் உட்கார்ந்தோம். சாப்பாடு சொல்லிவிட்டு, வருவதற்குள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் மேசைமேல் சிந்தியிருந்த தண்ணீரை விரலால் இழுத்துக்கொண்டே கேட்டார்.

"தெரியும் மேடம். நான் உங்க மேசையாண்டதான் தொடச்சுகினு இருந்தேன். அந்த ஐயா சொன்னது என் காதுலயும் வுழுந்துச்சு. நீங்க உள்ள அனுப்புவீங்கன்னு நெனச்சுட்டேன்."

"அப்ப மேனேஜர்கிட்ட ஏன் சொல்லல?"

யோசித்தார். "அன்னிக்கி நீங்க எப்படி இருந்தீங்கன்னு உங்களுக்குத் தெரியாது. டப்பாவ தொறக்கவே இல்ல. ஒரு கைய வயித்து மேலயே வெச்சுகினு இருந்தீங்க. இன்னான்னு எனக்குத் தெரியாது, இன்னாவோ ஆயிருக்குதுன்னு தெரிஞ்சுது. அது மேல நானும் ஒரு கல்லத் தூக்கிப் போடணுமான்னு வாய மூடிகினேன்."

நான் டம்ளரை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

"அதுக்காக ரொம்ப நல்லவளோன்னு நெனச்சுக்காதீங்க. பொண்ண ஸ்கூல் மாத்தறப்போ அழுதுச்சு பாருங்க, அன்னிக்கி உங்கள நல்லா திட்டினேன்."

"திட்டணும்" என்றேன். பிறகு அவரிடம் அந்தப் புதன்கிழமையைச் சொன்னேன். வீட்டுக்கு வெளியே அதை நான் சொன்ன முதல் ஆள் அவர்தான். என் கைமேல் கையை வைத்தார். பினாயில் வாசனை அடித்தது. இலை போட வந்தவர் நகரச் சொல்லும்வரை எடுக்கவில்லை.

திரும்பி வருகிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். "இப்பதான் மேடம் பொண்ணுக்கு ஒரு சிநேகிதி கெடச்சிகீறா. ரெண்டாந்தபா புடுங்கி நட்டா தாங்காது. மீன நீங்க பாத்துக்குங்க."

சாப்பாடு வந்தது. இரண்டு வருடம் ஒரே இடத்தில் வேலை செய்தோம். அவர் சாப்பிட்டு நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எப்போது சாப்பிட்டார், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார், என்ன கொண்டுவந்தார், எதுவும் எனக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு, இடதுகையை இலையைச் சுற்றி அணைத்தபடி, வேகவேகமாகச் சாப்பிட்டார். நான் சாம்பாரைப் பிசைந்து முடிக்கும் முன் அவர் இலையில் பாதிச் சோறு போயிருந்தது.

"மெதுவா சாப்பிடுங்க."

"பழக்கம் மேடம். எப்ப கூப்புடுவாங்கன்னு தெரியாது."

"இப்ப யாரும் கூப்பிடமாட்டாங்க."

சிரித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தார். ரசம் வாங்கிக்கொண்டார். பொரியலைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார். நான் கையைக் காயவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா மேடம், அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. அப்பளம் இன்னொண்ணு வேணுமா?"

கொஞ்சம் யோசித்தார்.

"வேணும்" என்றார்.